லோ ஹான் பழம் உடைத்த நாள்

என் மகனுக்கு,

உனக்கு இருபத்தொரு வயதாகிற நாளில் இதை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன். இந்த ஊரில் அந்த வயதில்தான் அட்டையில் வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டிய பெரிய சாவி ஒன்றைக் கொடுத்து, இனி நீ பெரிய ஆள் என்று சொல்கிறார்கள். இன்றைக்கு உனக்கு மூன்றரை வயது. கட்டில் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி, என் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி தூங்குகிறாய். பிற்பகல் இரண்டு மணி. குழந்தைகள் வார்டில் அழுகைச் சத்தம் எல்லாம் அடங்கிவிட்டது. உன் மூச்சில் மட்டும் ஒரு விசில் கேட்கிறது. அது நின்றாலும் பயம், கேட்டாலும் பயம். ஐந்து மணிக்குப் பார்வையாளர் நேரம், உன் அப்பா வருவார். ஐந்து மாதமாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிற ஒன்றை அதற்குள் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன். காலம் தாழ்த்தித்தான் எழுதுகிறேன், தெரியும். உன்னிடம் சொல்ல முடிந்தால் அவரிடமும் சொல்ல வாய் வரும் என்று ஒரு நப்பாசை.

நீ இந்த ஆஸ்பத்திரிக்கு வருவது இது மூன்றாம் தடவை. ஒவ்வொரு தடவையும் அதே காய்ச்சல், அதே இருமல். படம் எடுத்தால் வலப் பக்க நுரையீரலில் அடியில் அதே வெள்ளை. மருந்து கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். இன்று காலை டாக்டர் உன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, காசமாக இருக்கலாம், சோதித்துப் பார்ப்போம், தேவைப்பட்டால் மாதக்கணக்கில் மருந்து என்றார். உன் அப்பாவையும் என்னையும்கூடப் படம் எடுக்க வேண்டுமாம். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அது காசம் இல்லை என்று எனக்குத் தெரியும். கிட்டத்தட்டத் தெரியும். அந்தக் கிட்டத்தட்டவைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் வாயை மூடியிருந்தேன்.

நான் பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்தவள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, இந்தக் கதையில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. கல்யாணமாகிக் கடல் தாண்டி இங்கே வந்தபோது சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடையின் மாடி அறையில் குடியிருந்தோம். கீழே உன் அத்தை வீடு. என் பட்டத்தை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று இடத்தில் வேலை கேட்டேன். மரியாதையாக உட்காரவைத்து, மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். நீ பிறந்து ஒரு வருஷத்தில் தெம்பனிஸில் வீடு கிடைத்தது. அப்போது பாதி ப்ளாக்குகளுக்குச் சாயம்கூட அடித்திருக்கவில்லை, பஸ் ஸ்டாப்பைச் சுற்றி ஒரே செம்மண். நிலத்துக்கு அடியில் ரயில் விடப்போகிறார்களாம். நீ இதைப் படிக்கும்போது அதில் ஏறித்தான் வேலைக்குப் போவாயோ என்னவோ. ஆறாவது மாடி நடைபாதையில், வாசலுக்கு வெளியே, மைலோ டின்களில் மண் போட்டுக் கறிவேப்பிலை, துளசி, பாகல் என்று வளர்த்தேன். என் பி.எஸ்ஸி. மொத்தமும் அந்த ஆறு டின்னுக்குள் அடங்கிப்போயிற்று என்று அப்பா கேலி செய்வார். எனக்குச் சிரிப்பு வரும், உள்ளே கொஞ்சம் எரியவும் செய்யும்.

அடுத்த வீட்டில் வோங் ஆன்ட்டி. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தையில் கற்ற அரைகுறை மலாய். போன வருஷக் கடைசி மழையில் உனக்கு வறட்டு இருமல் வந்தது. நாலு நாள் குரைத்தாய். நான் வெந்நீர், கற்பூரவல்லி, நெஞ்சில் தைலம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். ஆன்ட்டி கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, “பானாஸ் லா! டாலாம் பானாஸ்!” என்று தலையில் அடித்துக்கொண்டார். டாலாம் என்றால் உள்ளே, பானாஸ் என்றால் சூடு. நமக்கு இருமல் என்றால் குளிர்ச்சி, சளி. அவர்களுக்கு இந்த மாதிரி இருமல் சூட்டினால் வருவது, குளிர்ச்சி கொடுத்துத்தான் தணிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் ஒரு கிண்ணம் கறுப்புத் தண்ணீரோடு வந்தார். நான் பயந்துகொண்டே ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன். அப்படி ஓர் இனிப்பு. சீனி ஒரு துளி போடவில்லை என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நீ கிண்ணத்தை விடவே இல்லை. இரண்டு நாளில் இருமல் நின்றது. தானாகவே நின்றிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை.

அந்தப் பழத்தின் பெயர் லோ ஹான் குவோ. எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிது, பழுப்பு நிறம், காய்ந்து ஓடு மாதிரி இருக்கும். கையில் எடுத்தால் கனமே இருக்காது. அதை ஓட்டோடு உடைத்துப் போட்டு, கொதிக்கவைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். ஆன்ட்டியின் அப்பா ஊரான குவாங்சி மலைப்பக்கம் இது கொடியாகப் பந்தலில் படருமாம். இலை எப்படி என்று கேட்டேன். காற்றில் விரலால் இதயம் மாதிரி வரைந்தார். பற்றிக்கொள்ளச் சுருள் கம்பி இருக்கிறதா என்று என் சுண்டு விரலைச் சுருட்டிக் காட்டிக் கேட்டேன். “அடா, அடா!” என்றார். இருக்கிறதாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இது நம் பூசணி, பாகல், சுரை இருக்கிற அதே குடும்பம்! கல்லூரிக்குப் பிறகு முதல் தடவையாக நான் படித்தது எதற்கோ பயன்பட்டது போல இருந்தது. அன்று சாயங்காலம் அப்பா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய்ச் சொன்னேன்.

உன் அப்பா ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறவர் என்பது உனக்குத் தெரியும். அவர் சிரிக்கவில்லை. அதற்குள் உன் அத்தைக்கும் விஷயம் போய், அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலிலேயே அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார். “அது அவங்க சாமியாருங்க பேர் வச்ச பழமாமே. ஞானஸ்நானம் வாங்கின பிள்ளைக்கு அதையா ஊத்துவ?” என்றார். நான் விடவில்லை. “அந்தோணியார் ரொட்டின்னு வாங்கித் திங்கிறோமேக்கா, அதுக்குள்ள அந்தோணியாரா இருக்காரு?” என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அத்தை முகம் சுருங்கிப் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: “சாமியாரு பழமோ சம்சாரி பழமோ, எனக்கு அது இல்ல பிரச்சின. போன வாரம் ஒரு அம்மா பிள்ளையத் தூக்கிட்டு வந்தாங்க. எங்க மருந்தும் குடுத்திருக்காங்க, எங்கயோ வாங்கின பொடியும் குடுத்திருக்காங்க. பிள்ள கண்ணு சொருகிக் கிடக்கு. எது என்ன செஞ்சுதுன்னு டாக்டருக்கே புரியல. வீட்டுல ஒரு வைத்தியம் போதும்.”

நியாயமான பேச்சு. எனக்கு வந்ததோ ரோஷம். எனக்குத் தெரியாததையா இவர் சொல்கிறார் என்ற ரோஷம். தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்த உன்னை இழுத்து, “உங்களுக்கு என் மேல நம்பிக்கை இல்ல, அப்படித்தானே? இந்தாங்க, பிள்ளை தலையில அடிச்சுச் சொல்றேன், இனிமே சீன மருந்து குடுக்க மாட்டேன்” என்று உன் உச்சந்தலையில் என் கையை வைத்துவிட்டேன். “ஏய், அதெல்லாம் எதுக்கு? கைய எடு” என்று அப்பா பதறினார். நீ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாய். மகனே, உனக்குக் கல்யாணம் ஆகும், வாக்குவாதம் வரும். எவ்வளவு கோபம் வந்தாலும் யார் தலையிலும் கை வைத்துச் சத்தியம் செய்யாதே. படித்தவள், அறிவியல் தெரிந்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். உயிர்ப் பயம் வரும்போது மனுஷி எதை நம்புவாள் என்று முன்னாலேயே தெரிவதில்லை.

சத்தியம் செய்து மூன்று வாரம் ஆகியிருக்கும். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கினேன். அப்பா உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போயிருந்தார். மூலையில் ஒரு சீன மருந்துக் கடை. கண்ணாடி ஜாடியில் அந்தப் பழம் அடுக்கியிருந்தது. இரண்டு வாங்கிப் பாகற்காய்க்கு அடியில் மறைத்தேன். மருந்து கொடுக்க மாட்டேன் என்றுதானே சத்தியம், செடி வளர்க்க மாட்டேன் என்று இல்லையே! அந்த விதையை முளைக்கவைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி. நெருப்பில் காயவைத்த பழம், விதை செத்திருக்கும் என்று புத்திக்குத் தெரியும். ஒன்று தப்பியிருக்காதா? ஆறாவது மாடி நடைபாதையில் குவாங்சிக் கொடியைப் பந்தல் ஏற்றி, பார்த்தீர்களா என்று எல்லோருக்கும் காட்ட வேண்டும். அந்த எல்லோரும் யார் என்று கேட்டால் உன் அப்பாவும் உன் அத்தையும்தான்.

மறுநாள் மதியம் அடுப்படித் தரையில் உட்கார்ந்து ஒரு பழத்தை உடைத்தேன். உள்ளே பஞ்சு மாதிரிக் காய்ந்த சதை, அதில் தட்டைத் தட்டையாக விதைகள். ஏழெட்டைத் தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் ஊறப்போட்டேன். மீதியைத் தட்டில் வைத்தேன். நீ வந்து கையை நீட்டினாய். “அம்மா, சீனி.” ஒரு கிள்ளு சதை கொடுத்தேன். தர்ப்பூசணி விதையைத் துப்பக் கற்றுக்கொடுத்திருந்தேன் அல்லவா, “விதை வந்தா துப்பிடணும், என்ன?” என்றேன். “துப்பிடணும்” என்றாய். அந்த நேரம் பார்த்து மழை அடித்து இறங்கிற்று. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகளில் ஐந்து நாள் துணி. ஒவ்வொரு கழியையும் இரண்டு கையாலும் இழுத்து உள்ளே வாங்க வேண்டும், விட்டால் ஆறு மாடி கீழே யார் தலையிலாவது விழும். மூன்று கழி வாங்கிவிட்டேன். நாலாவதைப் பிடித்திருக்கும்போது பின்னால் நீ ஓடுகிற சத்தம், சிரிக்கிற சத்தம், அப்புறம் சத்தமே இல்லை.

திரும்பினேன். நீ வாயைத் திறந்து நின்றாய். காற்று உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. உன் உதடு நாவல்பழம் தின்றது மாதிரி ஆயிற்று. கழியை எப்படி உள்ளே போட்டேன், உன்னை எப்படித் தூக்கினேன், நினைவில்லை. தலைகீழாகப் பிடித்து முதுகில் அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. பிறகு ஓர் இருமல், தொடர்ந்து இருமல், கடைசியில் அழுகை. அந்த அழுகை மாதிரி இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை. உன் வாயில் விரலை விட்டுத் துழாவினேன். சதைத் துணுக்கு வந்தது, இரண்டு விதை வந்தது. எல்லாம் வந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் நீ ரொட்டி கேட்டாய். ஓடு, சதை, தட்டு விதை, முழுதாக இருந்த இன்னொரு பழம் எல்லாவற்றையும் பழைய பேப்பரில் சுருட்டிக் குப்பைக் குழாயில் தள்ளினேன். அது ஆறு மாடி இடித்து இடித்துக் கீழே போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். சாயங்காலம் அப்பா வந்து, பிள்ளை கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டார். விழுந்துட்டான் என்றேன்.

டம்ளரை மறந்துவிட்டிருந்தேன். மறுநாள் ஜன்னல் ஓரத்தில் பார்த்தால் அந்த விதைகள் ஊறிப் பருத்துக் கிடந்தன. கல்லூரியில் முதல் வருஷமே ஒரு சோதனை காட்டுவார்கள். கண்ணாடிப் புட்டி நிறையக் காய்ந்த பட்டாணி, மேலே தண்ணீர், இறுக்கி மூடி வைத்தால் மறுநாள் புட்டி வெடித்திருக்கும். உலர்ந்த விதைக்கு அவ்வளவு பலம். மற்ற பெண்கள் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். ஒரு விதை உன் நெஞ்சுக்குள் போயிருந்தால், அங்கே உள்ள ஈரத்தில் அது என்ன செய்யும்? படிக்காதவளாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அன்றிலிருந்து இன்றுவரை கண்ணை மூடினால் அந்த டம்ளர்தான் தெரிகிறது.

ஒரு வாரம் நீ நன்றாகத்தான் இருந்தாய். பிறகு இருமல், பிறகு விசில், பிறகு காய்ச்சல். முதல் தடவை இங்கே கொண்டுவந்தபோது ஓர் இளம் டாக்டர், சீனப் பெண், ரொம்பப் பொறுமையாகக் கேட்டார். “கடலை, பொத்தான், மணி, அந்த மாதிரி எதையாவது வாயில் போட்டு மூச்சு அடைத்ததா?” அப்பா என் பக்கத்தில் நின்றார். அவர் சட்டைக் கை என் தோளில் உரசிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் உன் தலையில் வைத்த கைக்கு அர்த்தம் என்ன? சத்தியத்தை மீறியதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்று அவர் நினைப்பார். நானே அப்படித்தான் நினைத்தேன். அதைச் சத்தமாக ஒருவர் சொல்லிக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. “நோ, டாக்டர்” என்றேன். அவர் அதைத் தாளில் எழுதிக்கொண்டார். இரண்டாம் தடவை வேறொரு டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “அப்படி ஒன்றும் இல்லை, சரிதானே?” என்றார். இன்னும் சுலபமாகப் போயிற்று. தலையை ஆட்டினால் போதும்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. உன் இருமலை நிறுத்த வேண்டும் என்று நான் மறுபடியும் அந்தப் பழத்தையே வாங்கினேன். அப்பா வேலைக்குப் போனதும் காய்ச்சி, இரண்டு முறை வடிகட்டி, உன் பால் புட்டியில் ஊற்றிக் கொடுத்தேன். எது உன் மூச்சை அடைத்ததோ அதன் தண்ணீரையே இருமலுக்கு மருந்தாகக் கொடுத்தவள் உன் அம்மா. ஒரு நாள் கிளினிக் மருந்தை நீ துப்பிவிட்டாய். உன் கன்னத்தில் அறைந்தேன். உன் மேல் என்ன கோபம் எனக்கு? நீ அழுது, அழுகையில் இருமி, இருமலில் மூச்சுக்குத் திணறினாய். நான் உன் முன்னால் மண்டியிட்டு உன் காலைப் பிடித்துக்கொண்டேன். உனக்கு நினைவிருக்காது. இருக்கக் கூடாது என்று தினமும் செபம் செய்கிறேன்.

நேற்று வோங் ஆன்ட்டி இரண்டு பஸ் மாறி உன்னைப் பார்க்க வந்தார். கையில் ஃப்ளாஸ்க். அதற்குள் என்ன என்று சொல்லத் தேவையில்லை. அப்பா “தெரிமா காசே, ஆன்ட்டி” என்று மலாயில் நன்றி சொல்லி மரியாதையாக வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். ஆன்ட்டி உன் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என் பொய்யில் அவருடைய நல்ல மனசும் நனைந்துவிட்டது.

மணி நாலே முக்கால். விழித்துவிட்டாய், தண்ணீர் கேட்கிறாய். நிறுத்துகிறேன்.

இப்போது இரவு. சொல்லிவிட்டேன், மகனே. எழுதிப் பழகியதெல்லாம் வீண். அப்பா வந்து, பையிலிருந்து உன் பொம்மை பஸ்ஸை எடுத்து உன் வயிற்றின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் முதுகைப் பார்த்து, “அவன் விதைய முழுங்கிட்டான்ங்க. அந்தச் சீனப் பழத்தோட விதை. மூச்சு நின்னுபோச்சு. மழை பேஞ்ச அன்னைக்கு, விழுந்துட்டான்னு சொன்னேனே, அன்னைக்கு” என்றேன். பஸ் நின்றது. அப்பா திரும்பியபோது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். திட்டுவார், அடிக்கக்கூட அடிப்பார் என்று நினைத்தேன். இதுவரை அடித்ததில்லை. “அஞ்சு மாசம்” என்றார். அப்புறம், “என் கையாலயே மருந்து எடுத்து எடுத்துக் குடுத்தேனே, எதுக்கு என்னன்னு தெரியாம” என்றார்.

மறு நிமிஷம் நர்ஸ் மேசைப் பக்கம் போய், “மிஸ்ஸி, டாக்டர உடனே பாக்கணும்” என்றார். காலையில் காசம் என்று சொன்ன அதே டாக்டர் வந்தார். அப்பா இங்கிலீஷில் சொன்னார், நாங்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டோம் என்று. நாங்கள் என்றார். என்னைக் காப்பாற்றுகிறார் என்று புரிந்தது. அந்த இரக்கத்துக்குள் ஒளிந்துகொள்ள எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா! ஆனால் மறந்தது என்றால், எவ்வளவு நம்பலாம் என்று டாக்டருக்குச் சந்தேகம் வராதா? “மறக்கவில்லை, டாக்டர். கேட்டார்கள், நான் இல்லை என்று பொய் சொன்னேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது” என்றேன். எந்த நாள், எவ்வளவு நேரம் மூச்சு நின்றது, உதட்டின் நிறம், விதை எவ்வளவு பெரிது, ஊறினால் எவ்வளவு ஆகும், எல்லாம் சொன்னேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பழைய தாளைப் புரட்டி, என் பழைய பதிலைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். நாளைக் காலையே மயக்கம் கொடுத்துத் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்போம் என்றார். இத்தனை மாதம் ஆனதால் சதை அதைச் சுற்றி வளர்ந்திருக்கலாம், இரத்தம் வரலாம், எடுக்கும்போது நொறுங்கி இன்னும் ஆழமாகப் போகலாம், ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது என்றார். அப்பா கையெழுத்துப் போட்டார். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்துவிட்டது.

இப்போது காலை. உன்னை உள்ளே கொண்டுபோய் முக்கால் மணி நேரம் ஆகிறது. பச்சைச் சட்டை போட்டு, தள்ளுகட்டிலில் பெரிய மனிதன் மாதிரி உட்கார்ந்துகொண்டு போனாய். கதவு வரைக்கும் கூட வரவிட்டார்கள். “அம்மா வரல?” என்றாய். “இங்கயே நிக்கிறேன்டா ராசா” என்றேன். கதவு மூடிற்று. கை ஓய்ந்திருக்க மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன். அப்பா அந்தக் கோடியில் செபமாலையோடு நிற்கிறார். நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. நீ திரும்பி வராவிட்டால் இந்தக் கடிதம் யாருக்கு? இதை எழுதக் கூடாது, எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கவும் மாட்டேன். பயத்தை அடித்துவிட்டு எழுதினால் இதுவும் பொய்யாகிவிடும். உனக்கு ஒரு புத்திமதி சொல்ல வேண்டுமென்றால் இதுதான்: உன் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் டாக்டர் ஒரு கேள்வி கேட்டால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காதே. பிள்ளையை மட்டும் பார். என் பக்கத்தில் நின்றவர் நல்ல மனிதர். அப்படி இருந்தும் நான் பயந்தேன். நல்லவர்களிடம் நல்ல பெயர் வாங்கி வைத்திருப்பது பெரிய ஆபத்து, மகனே, அதை இழக்க மனசு வராது. கதவு திறக்கிறது. வேறு யாரோ.

மறுநாள் எழுதுகிறேன். நீ இருக்கிறாய். கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாய், தொண்டை புண் என்று ஒவ்வொரு வாய்க்கும் முகம் சுளிக்கிறாய். இரண்டு துண்டாக எடுத்தார்கள். சின்னப் புட்டியில் போட்டு டாக்டர் காட்டினார். கறுத்து, ஓரம் உதிர்ந்து, சுண்டு விரல் நகம் அளவு. இவ்வளவுதானா என்று இருந்தது. அந்தப் பக்கத்து நுரையீரல் ரொம்ப நாள் அடைந்து கிடந்திருக்கிறது, முழுதாகத் தேறுமா என்று இப்போது சொல்ல முடியாது, மாதம் ஒரு முறை வந்து காட்டுங்கள் என்றார். ஆகவே என் பயம் தீரவில்லை. உனக்கு இருபத்தொன்று ஆகும்போதும், மாடி ஏறி வந்து நீ கொஞ்சம் மூச்சு வாங்கினால் நான் உன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏன் என்று இனிமேல் உனக்குத் தெரியும்.

இன்று சாயங்காலம் அப்பா உன் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தார். நீ தூங்கியபிறகு, என்னைப் பார்க்காமலே, “வேற ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சிப் பால் புட்டியில் கொடுத்ததைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

“அது தெரியும்.”

“எப்படி?”

“ரெண்டு மாசம் முன்னாடி, வடிகட்டில ஒரு ஓட்டுத் துண்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் எடுத்துத் தூரப் போட்டேன்.”

“ஏன் கேக்கல?”

அவர் உன் போர்வையை இழுத்துவிட்டார். “கேட்டா நீ தலையில கை வச்ச பேச்ச எடுக்கணும். டாக்டர்கிட்ட சொல்லணும். மருந்து குடுக்கிறவன் வீட்டுலயே இப்படியான்னு கிளினிக்ல பேசுவாங்க. பயந்துட்டேன்” என்றார்.

நாங்கள் இருவரும் உன்னை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஒருவருக்கொருவர் பயந்து இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்ட வீட்டில், மகனே, ஐந்து மாதமாக நீ ஒருவன்தான் உண்மையை இருமிக்கொண்டிருந்தாய்.

உன் அம்மா